சிகாகோவின் தவணை ஒப்பந்த வீட்டு விற்பனை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சிகாகோ நகரில், வங்கிக் கடன் மறுக்கப்பட்ட கறுப்பின மக்களுக்கு வீட்டு முதலீட்டாளர்கள் தாமே தவணை முறையில் வீடு விற்ற வழக்கம் தவணை ஒப்பந்த விற்பனை எனப்படுகிறது. 1950களிலும் 1960களிலும் இது உச்சத்தில் இருந்தது. வங்கியை இடையில் வைக்காமல் விற்பவரும் வாங்குபவரும் தமக்குள் செய்துகொள்ளும் கடன் ஏற்பாடுகளை அமெரிக்க வீட்டுமனைத் தொழிலில் 'கிரியேட்டிவ் ஃபைனான்சிங்' என்பர். கையில் பணமில்லாதவரும் வீடு வாங்க வழிசெய்யும் உத்தியாக இது இன்றும் முதலீட்டாளர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. அந்த உத்தி ஒரு நகரத்தில் இரண்டு தலைமுறைகளின் சேமிப்பை எவ்வாறு கரைத்தது என்பதையும், அதில் சிக்கியவர்கள் ஒன்றுகூடி எவ்வாறு எதிர்த்தனர் என்பதையும் சிகாகோவின் வரலாறு காட்டுகிறது.

பின்னணி

முதல் உலகப்போர்க் காலத்திலிருந்து அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வாழ்ந்த கறுப்பின மக்கள் பெருந்திரளாக வடக்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். சிகாகோ அவர்கள் நாடிச்சென்ற முக்கிய நகரங்களுள் ஒன்று. 1940இல் சுமார் 2,78,000 ஆக இருந்த அந்நகரின் கறுப்பின மக்கள்தொகை 1960இல் சுமார் 8,13,000 ஆக உயர்ந்தது. ஆனால் அவர்கள் குடியிருக்க அனுமதிக்கப்பட்ட பகுதிகள் அதே வேகத்தில் விரியவில்லை. வெள்ளையர் பகுதிகளின் வீட்டுப் பத்திரங்களில், கறுப்பினத்தவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்ற நிபந்தனை எழுதப்பட்டிருந்தது. அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக்கூடாது என்று 1948இல் 'ஷெல்லி எதிர் கிரேமர்' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் கதவு திறந்தபோதும் வங்கியின் கதவு திறக்கவில்லை.

இதற்குக் காரணம் 1930களில் உருவான கூட்டாட்சி அரசின் வீட்டுக்கடன் கொள்கை. பெருமந்தத்தில் வீடுகளை இழந்துகொண்டிருந்தவர்களுக்கு உதவ 1933இல் வீட்டு உரிமையாளர் கடன் கழகம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் தோன்றியது. இது சுருக்கமாக எஃப்.எச்.ஏ. எனப்படும். எஃப்.எச்.ஏ. நேரடியாகக் கடன் கொடுக்கவில்லை. வங்கிகள் கொடுக்கும் கடனுக்குக் காப்புறுதி அளித்தது. கடன் வாங்கியவர் கட்டத் தவறினால் இழப்பை அரசு ஏற்கும் என்ற உறுதி கிடைத்ததும் வங்கிகள் குறைந்த முன்பணத்தில், நீண்ட காலத் தவணையில், குறைந்த வட்டிக்குக் கடன் தர முன்வந்தன. அமெரிக்க நடுத்தர வர்க்கம் சொந்த வீட்டுக்காரர்களின் வர்க்கமாக மாறியதில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் காப்புறுதி எல்லாருக்கும் கிடைக்கவில்லை. கடன் கழகம் 200க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடங்கள் தயாரித்து, பகுதிகளைப் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என நான்கு நிறங்களில் தரம் பிரித்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் 'ஆபத்தானவை' என்று சிவப்பில் குறிக்கப்பட்டன. எஃப்.எச்.ஏ.வின் மதிப்பீட்டுக் கையேடும் இனக்கலப்பைச் சொத்து மதிப்பைக் குறைக்கும் காரணியாகவே கருதியது. இதனால் கறுப்பினக் குடும்பம் ஒன்று குடியேறிய தெருவுக்குக் கடன் காப்புறுதி கிடைப்பது அரிதாயிற்று. வேலையும் சம்பளமும் சேமிப்பும் இருந்த குடும்பங்கள்கூட வங்கியில் விண்ணப்பித்துப் பயன் காணவில்லை. இந்த இடைவெளியில்தான் தவணை ஒப்பந்தம் நுழைந்தது.

ஒப்பந்தத்தின் அமைப்பு

வழக்கமான அடமானக் கடனில், வீடு வாங்கியவர் பெயருக்குக் கிரயப் பத்திரம் முதலிலேயே பதிவாகிவிடும். வங்கிக்கு அந்த வீட்டின் மீது அடமான உரிமை மட்டுமே இருக்கும். தவணை தவறினால் வங்கி நீதிமன்ற நடைமுறையைப் பின்பற்றி வீட்டை ஏலம் விட வேண்டும். ஏலத்தில் கடனுக்கு மேல் கிடைக்கும் தொகை வீட்டுக்காரருக்கே சேரும்.

தவணை ஒப்பந்தத்தில் இந்த வரிசை தலைகீழாகும். வாங்குபவர் முன்பணம் கொடுத்து வீட்டில் குடியேறுவார். மாதாமாதம் அசலும் வட்டியும் கட்டுவார். சொத்து வரி, காப்பீடு, பழுதுபார்ப்பு ஆகியவற்றையும் அவரே ஏற்பார். ஆனால் கிரயப் பத்திரம் கடைசித் தவணை முடியும்வரை விற்றவரிடமே இருக்கும். இந்தியச் சொத்து மாற்றச் சட்டத்தின்படி வெறும் விற்பனை ஒப்பந்தம் சொத்தில் உரிமை எதையும் உண்டாக்காது என்பதை அறிந்தவர்களுக்கு இந்த நிலையின் ஆபத்து எளிதில் விளங்கும். வாங்கியவர் உரிமையாளருக்குரிய எல்லாச் செலவுகளையும் சுமந்தார். உரிமையாளருக்குரிய பாதுகாப்பு ஒன்றும் அவருக்கு இல்லை. ஒரு தவணை தவறினாலும் விற்றவர் ஒப்பந்தத்தை முறிக்கலாம். முன்பணமும் அதுவரை கட்டிய தவணைகளும் வாடகையாகக் கழிக்கப்பட்டுவிடும். ஏலம் கிடையாது, திரும்பக் கிடைக்கும் மிச்சத் தொகையும் கிடையாது. வெளியேற்றப்பட்ட குடும்பத்தின் வீடு அடுத்த குடும்பத்துக்கு அதே முறையில் மீண்டும் விற்கப்படும்.

விலை இதன் இன்னொரு பக்கம். மிசிசிப்பி மாநிலத்திலிருந்து வந்து சிகாகோவில் தொழிற்சாலை வேலை பார்த்த கிளைட் ராஸ் என்பவர் 1961இல் மேற்குச் சிகாகோவின் நார்த் லான்டேல் பகுதியில் 27,500 டாலருக்கு ஒப்பந்தத்தில் வீடு வாங்கினார். விற்றவர் அதே வீட்டை ஆறு மாதங்களுக்கு முன்தான் 12,000 டாலருக்கு வாங்கியிருந்தார். இது விதிவிலக்கான நிகழ்வாக இருக்கவில்லை. டியூக் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் டுபாய்ஸ் குக் மையம் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்த இருபது ஆண்டுகளில் சிகாகோவில் கறுப்பினக் குடும்பங்களுக்கு விற்கப்பட்ட வீடுகளில் 75 முதல் 95 விழுக்காடு வரை ஒப்பந்தத்தில் விற்கப்பட்டவை. விற்றவர்கள் தாம் வாங்கிய விலைக்கு மேல் ஏற்றிய தொகை சராசரியாக 84 விழுக்காடு.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

இந்த ஏற்றம் ஒரு குடும்பத்தின் கணக்கில் என்ன செய்யும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். கீழ்வரும் வட்டி விகிதங்களும் தொகைகளும் விளக்கத்துக்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை.

10,000 டாலர் மதிப்புள்ள ஒரு வீட்டை ஒருவர் 1,000 டாலர் முன்பணம் கட்டி, மீதி 9,000 டாலரை 5.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டு வங்கிக் கடனாகப் பெறுகிறார் என்க. அவருடைய மாதத் தவணை சுமார் 62 டாலர். 20 ஆண்டுகளில் முன்பணம் உட்பட அவர் கட்டும் மொத்தத் தொகை சுமார் 15,900 டாலர். அதே வீட்டை இன்னொருவர் 84 விழுக்காடு கூடுதல் விலையில், அதாவது 18,400 டாலருக்கு, ஒப்பந்தத்தில் வாங்குகிறார் என்க. அவரும் 1,000 டாலர் முன்பணம் கட்டுகிறார். மீதிக்கு வட்டி 7 விழுக்காடு. காலமும் அதே 20 ஆண்டு. மாதத் தவணை சுமார் 135 டாலர்; மொத்தம் சுமார் 33,400 டாலர். ஒரே வீடு, ஒரே முன்பணம். ஆனால் இரண்டாமவர் இரு மடங்குக்கும் மேல் கட்டுகிறார். அதுவும் கடைசி நாள்வரை பத்திரம் இல்லாமல் கட்டுகிறார்.

இனி இதையே முதலீட்டாளரின் பக்கத்திலிருந்து பார்க்கலாம். அந்த 10,000 டாலர் வீட்டை வாங்க அவர் 8,000 டாலரை 6 விழுக்காடு வட்டிக்கு 20 ஆண்டுக் கடனாகப் பெற்றால், அவர் கையிலிருந்து போடுவது 2,000 டாலர். ஒப்பந்தத்தில் விற்றதும் முன்பணமாக 1,000 டாலர் திரும்பி வந்துவிடுகிறது. மாதம் 135 டாலர் வருகிறது; அவருடைய கடன் தவணை சுமார் 57 டாலர் போக 78 டாலர் மிஞ்சுகிறது. ஏறத்தாழ 13 மாதங்களில் அவர் போட்ட பணம் முழுவதும் திரும்பிவிடும். அதன்பின் வருவதெல்லாம் பிறர் பணத்தில் ஈட்டிய இலாபம். குடும்பம் தவணை தவறினால் இலாபம் குறைவதில்லை. வீடு மறுபடி விற்பனைக்கு வருவதால் கூடுகிறது. விற்பவருக்கு வாங்குபவர் தோற்பதே நன்மை என்ற நிலையை ஒப்பந்தத்தின் அமைப்பே உருவாக்கியது.

முதலீட்டாளர்களின் வலைப்பின்னல்

இந்த வணிகத்தைத் தனி ஒருவர் நடத்தியிருக்க முடியாது. அதற்குப் பின்னால் பலர் கைகோத்த ஒரு வலைப்பின்னல் இருந்தது.

முதல் கண்ணி, 'பிளாக் பஸ்டர்' எனப்பட்ட தெரு உடைப்பாளர். கறுப்பினக் குடும்பங்கள் வரப்போகின்றன, வீட்டு விலை சரியப்போகிறது என்ற அச்சத்தை வெள்ளையர் தெருக்களில் இவர்கள் பரப்பினர். அஞ்சியவர்கள் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டுப் புறநகருக்குச் சென்றனர். 1962 ஜூலையில் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழில் இத்தகைய ஒருவர் புனைபெயரில் தம் தொழில்முறையை வெளிப்படையாக விவரித்தார். அந்தக் கட்டுரை நாடு முழுவதும் பேசப்பட்டது. வெள்ளையர் மிகக் குறைந்த விலைக்கு விற்றனர், கறுப்பினத்தவர் மிக உயர்ந்த விலைக்கு வாங்கினர், இரண்டுக்கும் இடையிலான தொகை முழுவதும் நடுவில் நின்றவருக்குப் போயிற்று என்பதே அத்தொழிலின் சாரம்.

இரண்டாம் கண்ணி, சேமிப்பு-கடன் சங்கங்கள். கறுப்பின வாங்குபவருக்கு அதே வீட்டின் பேரில் கடன் தர மறுத்த சில சங்கங்கள், அந்த வீட்டை வாங்க முதலீட்டாளருக்குக் கடன் தந்தன. தெரு 'ஆபத்தானது' என்ற காரணம் முதலீட்டாளர் வரும்போது எழவில்லை.

மூன்றாம் கண்ணி, ஒப்பந்தத் தாள்களை வாங்கிய சிறு முதலீட்டாளர்கள். முழுத் தவணையும் வரும்வரை காத்திராமல், விற்றவர் அந்த ஒப்பந்தத்தையே தள்ளுபடி விலையில் வேறொருவருக்கு விற்றுவிடுவார். மருத்துவர்கள், வழக்கறிஞர்கள் போன்ற வசதி படைத்த நகரவாசிகள் இவற்றை நல்ல வருவாய் தரும் முதலீடாக வாங்கினர். அவர்களில் பலர் அந்த வீடுகளையோ அவற்றில் குடியிருந்தவர்களையோ கண்டதில்லை. விற்றவருக்கோ அடுத்த வீட்டை வாங்க உடனே பணம் கிடைத்தது.

நான்காவது, இந்த வலைப்பின்னலை மறைத்து வைத்த சட்டக் கருவி. இல்லினாய் மாநிலத்தில் 'நில அறக்கட்டளை' என்னும் ஏற்பாடு உண்டு. சொத்து வங்கி ஒன்றின் பொறுப்பில், எண்ணிட்ட அறக்கட்டளையின் பெயரில் இருக்கும். பயனடையும் உண்மையான உரிமையாளரின் பெயர் பொதுப் பதிவேட்டில் வராது. ஒரே ஆள் எத்தனை வீடுகள் வைத்திருக்கிறார், யாரிடம் பணம் கட்டுகிறோம் என்பது கூட வாங்கியவர்களுக்குத் தெரியாமல் போனது இதனால்தான்.

தனித்து நின்ற வாங்கியோர்

விற்பவர்கள் இவ்வாறு இணைந்திருந்தபோது வாங்கியவர்கள் ஒவ்வொருவரும் தனித்தே இருந்தனர். 1950இல் நார்த் லான்டேலின் மக்கள்தொகை சுமார் 1,00,000. அவர்களில் 87 விழுக்காட்டினர் வெள்ளையர். 1960இல் மக்கள்தொகை சுமார் 1,25,000. அவர்களில் 91 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய ஓர் ஊரே மாறியது. புதிதாக வந்தவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். தவணை கட்டக் கணவன் இரண்டு வேலைகளும் மனைவி ஒரு வேலையுமாக உழைத்த குடும்பங்கள் பல. செலவை ஈடுகட்ட அறைகளை வாடகைக்கு விட்டனர், பழுதுபார்ப்பைத் தள்ளிப்போட்டனர். வீடுகள் சிதைந்தன. அவ்வாறு சிதைவதைக் காட்டி, கறுப்பினத்தவர் வந்தால் தெரு கெடும் என்ற பழைய வாதத்துக்கு ஆதாரம் சேர்த்தனர்.

ஏமாந்துவிட்டோம் என்ற எண்ணம் வந்தவர்களும் அதை அண்டை வீட்டாரிடம் சொல்லவில்லை. சொந்த வீட்டுக்காரர் என்ற மதிப்பு அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. அந்த மௌனம் விற்றவர்களுக்கு மிகவும் பயன்பட்டது.

இந்த வணிகத்தை முதன்முதலில் பொதுவெளியில் தொடர்ந்து எதிர்த்தவர்களுள் மார்க் சாட்டர் என்ற வழக்கறிஞர் குறிப்பிடத்தக்கவர். 1950களின் பிற்பகுதியில் அவர் ஒப்பந்தத்தில் வாங்கியோருக்காக வழக்காடினார், எழுதினார், கூட்டங்களில் பேசினார். தனித்தனி வழக்குகளில் விற்றவர்கள் சமரசம் செய்துகொண்டு நழுவினர், முறை மாறவில்லை. சாட்டர் 1965இல் 49ஆம் வயதில் இறந்தார். அவருடைய மகளும் வரலாற்றறிஞருமான பெரில் சாட்டர் 2009இல் வெளியிட்ட 'ஃபேமிலி பிராப்பர்ட்டீஸ்' என்ற நூல் இந்த வரலாற்றின் முக்கிய ஆவணமாகும்.

ஒப்பந்தத்தில் வாங்கியோர் கூட்டமைப்பு

1966 ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் நார்த் லான்டேலில் ஒரு குடியிருப்பில் தங்கி, சிகாகோவின் வீட்டுப் பாகுபாட்டுக்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கினார். அது நகரின் கவனத்தை ஈர்த்தாலும் ஒப்பந்த விற்பனையைத் தொடவில்லை.

1967இல் இயேசு சபைத் துறவுப் பயிற்சியில் இருந்த ஜாக் மெக்னமாரா என்ற இளைஞர், சில கல்லூரி மாணவர்களுடன் அப்பகுதிக்கு வந்தார். பிரசன்டேஷன் கத்தோலிக்க ஆலயத்தின் பங்குத்தந்தையான மான்சிஞோர் ஜான் ஈகன் அவர்களுக்கு ஆதரவளித்தார். வீடு வீடாகச் சென்று மக்களிடம் பேசியபோது ஒப்பந்தத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரியவந்தது. மாணவர்கள் அலுவலகப் பதிவேடுகளைப் புரட்டி, ஒவ்வொரு வீட்டையும் விற்றவர் என்ன விலைக்கு வாங்கினார், எத்தனை நாட்களில் என்ன விலைக்கு விற்றார் என்று பட்டியலிட்டனர்.

1968இன் தொடக்கத்தில் ஆலயத்தில் கூட்டங்கள் தொடங்கின. ரூத் வெல்ஸ் என்ற பெண் தம் ஒப்பந்தத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசியது பிறருக்குத் துணிவைத் தந்தது. ஒருவர் பேசியதும் மற்றவர்களும் தம் தாள்களைக் கொண்டுவந்தனர். தனக்கு மட்டும் நேர்ந்த அவமானம் என்று ஒவ்வொருவரும் மறைத்து வைத்திருந்தது, தெரு முழுவதற்கும் பொதுவான விலைப்பட்டியல் என்று அங்கே தெரிந்தது. புதன்கிழமை இரவுக் கூட்டங்களில் நூற்றுக்கணக்கானோர் கூடினர். 'காண்ட்ராக்ட் பையர்ஸ் லீக்' என்ற கூட்டமைப்பு இவ்வாறு உருவாயிற்று. கிளைட் ராஸ் அதன் முன்னணித் தலைவர்களுள் ஒருவரானார்.

வழக்கமான அடமானத்துக்கு மாற்ற வேண்டும், கூடுதலாக ஏற்றிய விலையைக் குறைக்க வேண்டும் என்பன கூட்டமைப்பின் கோரிக்கைகள். முதலில் பேச்சுவார்த்தை நடந்தது. விற்றவர்களின் அலுவலகங்கள் முன்னும் அவர்கள் வாழ்ந்த தெருக்களிலும் மறியல் நடந்தது. பயன் குறைவாக இருந்ததால் 1968 டிசம்பரில் தவணை மறுப்புப் போராட்டம் தொடங்கியது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் மாதத் தவணையை விற்றவருக்குக் கொடுக்காமல் நிறுத்தி வைத்தன. தெற்குச் சிகாகோவில் புதிதாகக் கட்டிய வீடுகளை ஒப்பந்தத்தில் வாங்கியவர்களும் இணைந்தனர்.

இது துணிச்சலான முடிவு. தவணை தவறினால் எல்லாம் போகும் என்ற விதியின்கீழ் இருந்தவர்கள், பல ஆண்டுச் சேமிப்பைப் பணயம் வைத்தே இதில் இறங்கினர். விற்றவர்கள் வெளியேற்ற ஆணை பெற்றனர். 1970இன் தொடக்க மாதங்களில் காவல் படையோடு அதிகாரிகள் வந்து வீட்டுச் சாமான்களைத் தெருவில் இறக்கினர். அண்டை வீட்டாரும் தன்னார்வலர்களும் கூடி அவற்றை மீண்டும் உள்ளே எடுத்து வைத்தனர். ஆயினும் சில குடும்பங்கள் வீட்டை இழந்தன.

நீதிமன்றங்களில்

1969 ஜனவரியில் கூட்டமைப்பு கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. சொத்து வாங்குவதில் எல்லாக் குடிமக்களுக்கும் வெள்ளையருக்குரிய அதே உரிமை உண்டு என்று கூறும் 1866ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அதற்கு அடிப்படை. அச்சட்டம் தனியாரையும் கட்டுப்படுத்தும் என்று 1968 ஜூனில் 'ஜோன்ஸ் எதிர் மேயர்' வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. 'ஜென்னர் அண்ட் பிளாக்' என்ற பெரிய சட்ட நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் கட்டணமின்றி வாதாடினர்.

விற்றவர்களின் தரப்பிலும் வாதம் இருந்தது. வங்கிகள் ஒதுங்கிய இடத்தில் நாங்கள் கடன் கொடுத்தோம், ஆபத்து கூடுதல் என்பதால் விலையும் கூடுதல், எவரையும் வற்புறுத்திக் கையெழுத்து வாங்கவில்லை என்றனர். வெள்ளையருக்கு இதே வீட்டைக் குறைந்த விலைக்கு நாங்கள் விற்கவில்லை, ஆகவே இது பாகுபாடு ஆகாது என்றும் கூறினர். பாகுபாட்டால் உருவான இரட்டைச் சந்தையைத் தெரிந்தே பயன்படுத்தி இலாபம் ஈட்டுவதும் பாகுபாடே என்பது கூட்டமைப்பின் பதில். நீதிபதி ஹூபர்ட் வில் 1969இல் வழக்கைத் தள்ளுபடி செய்ய மறுத்தார். தெற்குப் பகுதி வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1974இல் இந்தக் கோட்பாட்டை ஏற்றது.

கோட்பாடு ஏற்கப்பட்டாலும் வெற்றி கிட்டவில்லை. மேற்குப் பகுதி வழக்கில் 1976இல் நடுவர் குழு விற்றவர்களுக்குச் சாதகமாக முடிவு கூறியது. தெற்குப் பகுதி வழக்கும் பல ஆண்டுகள் நீண்டு, 1983இல் மேல்முறையீட்டில் வாங்கியோருக்கு எதிராகவே முடிந்தது.

எனினும் போராட்டம் வீணாகவில்லை. வழக்கு நடந்தபோதே பல விற்பனையாளர்கள் இறங்கி வந்து நூற்றுக்கணக்கான ஒப்பந்தங்களை மாற்றி எழுதினர். விலை குறைந்தது, பலருக்கு வழக்கமான அடமானக் கடன் கிடைத்தது. 1970இல் 'ரோஸ்வுட் எதிர் ஃபிஷர்' வழக்கில் இல்லினாய் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தத்தில் வாங்கியவர் வெளியேற்ற வழக்கில் அந்த ஒப்பந்தமே நியாயமற்றது என்று வாதிடலாம் என்றது. அதுவரை, தவணை கட்டினாரா இல்லையா என்ற ஒரு கேள்வியோடு வழக்கு முடிந்துவிடும்.

பின்விளைவுகள்

மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று, வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் கையெழுத்தானது. வங்கிகள் எந்தப் பகுதிக்கு எவ்வளவு வீட்டுக்கடன் தருகின்றன என்பதை வெளியிட வேண்டும் என்ற சட்டம் 1975இலும், வைப்புத்தொகை பெறும் பகுதிகளின் கடன் தேவையையும் வங்கிகள் நிறைவேற்ற வேண்டும் என்ற சமூக மறுமுதலீட்டுச் சட்டம் 1977இலும் வந்தன. இவ்விரண்டுக்கும் போராடியவர்களுள் முதன்மையானவர் சிகாகோவின் ஆஸ்டின் பகுதியைச் சேர்ந்த கேல் சின்கோட்டா என்ற குடும்பத்தலைவி. பதிவேட்டைத் திறந்து காட்டினால்தான் பாகுபாட்டை நிறுவ முடியும் என்ற அறிவு அச்சட்டங்களிலும் செயல்பட்டது.

இல்லினாய் மாநிலத்தில் 1987 ஜூலை முதல் எழுதப்படும், ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட தவணை ஒப்பந்தங்களில், நிலுவை விலையின் 80 விழுக்காட்டுக்குக் கீழ் குறைந்துவிட்டால் அடமானத்துக்குரிய நீதிமன்ற நடைமுறை இன்றி வீட்டைப் பறிக்க முடியாது என்றாயிற்று.

எனினும் இந்த முறை மறையவில்லை. 2008ஆம் ஆண்டு நிதி நெருக்கடிக்குப் பின் வங்கிகள் மீண்டும் கடனை இறுக்கின. கடனில் மூழ்கிய வீடுகளை மொத்தமாக மலிவு விலையில் வாங்கிய முதலீட்டு நிறுவனங்கள், அவற்றைப் பழுதுபார்க்காமலே தவணை ஒப்பந்தத்தில் விற்றன. வாங்கியவர்களில் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் மிகுதி. இதையடுத்து இல்லினாய் நிறைவேற்றிய தவணை விற்பனை ஒப்பந்தச் சட்டம் 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதையும், வீட்டின் நிலையையும் விலை விவரங்களையும் எழுத்தில் தெரிவிப்பதையும், தவணை தவறியவருக்குச் சரிசெய்ய அவகாசம் தருவதையும் அது கட்டாயமாக்கியது.

டா-நெஹிசி கோட்ஸ் 2014இல் 'தி அட்லாண்டிக்' இதழில் எழுதிய நீண்ட கட்டுரையில் கிளைட் ராஸின் வாழ்க்கையை முன்வைத்தபின் இவ்வரலாறு உலகெங்கும் அறியப்பட்டது. மேலே குறிப்பிட்ட 2019ஆம் ஆண்டு ஆய்வு, ஒப்பந்த விற்பனையால் சிகாகோவின் கறுப்பினக் குடும்பங்கள் இழந்த தொகையை இன்றைய மதிப்பில் 300 கோடி முதல் 400 கோடி டாலர் என்று மதிப்பிட்டது.

மதிப்பீடு

விற்பவரே கடன் கொடுப்பது தன்னளவில் தீய முறை என்று சொல்லிவிட முடியாது. வங்கியில் ஏற்கத்தக்க ஆவணம் இல்லாதவருக்கும், சிறிய ஊர்களில் பழைய வீட்டை விற்க விரும்பும் முதியவருக்கும் அது உதவியிருக்கிறது. அது நன்மையாவதும் தீமையாவதும் மூன்று கேள்விகளைப் பொறுத்தது என்பதை சிகாகோவின் அனுபவம் காட்டுகிறது. பத்திரம் யார் பெயரில் இருக்கிறது? உண்மை விலை இரு தரப்புக்கும் தெரியுமா? ஒரு தவணை தவறினால், அதுவரை கட்டிய பணம் யாருக்குச் சேரும்?

வலைப்பின்னலுக்கும் இது பொருந்தும். தரகர், கடன் சங்கம், முதலீட்டாளர், வழக்கறிஞர் என்ற தொடர்பு விற்பவர்களுக்குச் செல்வத்தைத் தந்தது. அது மறைவில் இருந்தவரை வலிமையோடு இருந்தது. வாங்கியவர்களுக்கோ ஒரு கோயில் அரங்கும் பதிவேட்டின் நகல்களும் அண்டை வீட்டாரும் மட்டுமே இருந்தனர். நீதிமன்றத்தில் தோற்றபோதும் அவர்களில் நூற்றுக்கணக்கானோர் தம் வீட்டின் விலையைத் திருத்தி எழுத வைத்தனர். கையெழுத்திடும் முன் தம் ஒப்பந்தத்தைப் பிறரிடம் காட்டிக் கேட்கும் வாய்ப்பு அவர்களுக்கு முன்பே கிடைத்திருந்தால், அந்தத் தொகையின் பெரும்பகுதி அவர்களுடைய பிள்ளைகளுக்குச் சென்றிருக்கும்.